தருமபுரி, கிருஷ்ணகிரியில் விடியற்காலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் குடியிருப்பதால், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களும் நண்பர்களும் "காலையில எங்க போய் நிக்கலாம்?" என்று என்னிடம் விசாரிப்பார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். இந்த இரண்டு மாவட்டங்களையும் பெரும்பாலோர் இரவு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். ஒரு காலையாவது இங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கடலே இல்லாத ஊர்ல சூரிய உதயம் பார்க்க என்ன இருக்கு?

கடற்கரையில் எல்லோரும் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இங்கே நிலம் முழுக்கப் பாறைக்குன்றுகள்; நடுநடுவே சமவெளி, ஏரி, மாந்தோப்பு, கேழ்வரகுக் கொல்லை. வெளிச்சம் முதலில் குன்றுகளின் உச்சியில் விழும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, தோப்புக்கு வந்து, கடைசியில்தான் நாம் நிற்கிற இடத்துக்கு வரும். அதனால் கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். சூரியன் வருகிற நேரத்தில் ஒருமுறை மேற்கே திரும்பிப் பாருங்கள். கறுத்துக் கிடந்த பாறை செம்மண் நிறத்துக்கு மாறுவது அங்கேதான் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஊர்களில் வேலை நடக்கிற நேரமே அதுதான். பால் கறவை, பூப்பறிப்பு, தக்காளி மண்டி எல்லாம் வெயில் ஏறுவதற்குள் பாதி முடிந்துவிடும். எட்டு மணிக்கு எழுந்து வருகிறவர் பார்க்கிற ஊர் வேறு.

சூரியன் எத்தனை மணிக்கு வரும்? சென்னை நேரத்தையே வச்சுக்கலாமா?

வேண்டாம். நாம் சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளி இருக்கிறோம். ஒரு பாகைக்கு 4 நிமிஷம் என்ற கணக்கில், சென்னையைவிட இங்கே சுமார் 8 நிமிஷம் தாமதமாகச் சூரியன் வரும். ஓசூர், ஒகேனக்கல் பக்கம் போனால் இன்னும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் கூடும். காலண்டரில் சென்னை நேரம் போட்டிருந்தால் இதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தருமபுரிக்குத் தோராயமாகச் சொன்னால், ஜூன் தொடக்கத்தில் 5.52, செப்டம்பர் கடைசியில் 6.06, டிசம்பர் கடைசியில் 6.35, ஜனவரி கடைசியில் 6.43.

மார்கழியிலதானே ரொம்ப நேரம் கழிச்சு விடியும்? ஜனவரி கடைசின்னு சொல்றீங்களே?

இதை நிறையப் பேர் நம்புவதில்லை. பகல் மிகக் குறுகியிருப்பது டிசம்பர் 21, 22 வாக்கில், அதாவது மார்கழியில்தான். ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது தை மாதத்தில். பூமி சூரியனைச் சுற்றுகிற பாதை சரியான வட்டம் இல்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, சூரியன் உச்சிக்கு வருகிற நேரத்தையே அந்த வாரங்களில் தினமும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகின்றன. அதனால் பகல் நீள ஆரம்பித்த பிறகும் உதயம் தள்ளிப்போகிறது. நீள்கிற பகல் எல்லாம் சாயங்காலப் பக்கம் சேர்கிறது.

பயணிக்கு இதில் லாபம் உண்டு. பொங்கல் விடுமுறையில் வருகிறவர்கள் ஆறு மணிக்குப் புறப்பட்டாலும் ஊருக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஏரிக்கரையைப் பிடித்துவிடலாம். கோடை விடுமுறையில் அது நடக்காது.

சூரியன் வர்ற நேரத்துக்குச் சரியா போனா போதாதா?

போதாது. நம் அட்சரேகையில், சூரியன் தலைகாட்டுவதற்கு இருபது, இருபத்திரண்டு நிமிஷம் முன்பே விளக்கில்லாமல் நடக்கிற அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். வானத்தில் நிறம் நன்றாக ஏறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். சூரியன் முழுசாக வெளியே வந்ததும் நிறம் வெளுக்க ஆரம்பிக்கும். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்மேலாக ஏறுவதால் எல்லாம் வேகமாக நடந்து முடியும்.

முக்கால் மணி நேரம் முன்னதாக இடத்தில் இருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். சூரியன் வந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். "வந்துடுச்சு, போலாம்" என்று வண்டியை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தோப்புக்குள் வெளிச்சம் சாய்வாக நுழைவது அதற்குப் பிறகுதான்.

முதல் தடவை வரோம். கஷ்டம் இல்லாம எங்க பார்க்கலாம்?

ஏதாவது ஓர் ஏரி. பேர்பெற்ற இடம்தான் வேண்டும் என்றால் கே.ஆர்.பி. அணைப் பக்கம், அதாவது கிருஷ்ணகிரி அணைப் பக்கம், போகலாம். தென்பெண்ணையின் குறுக்கே 1950களில் கட்டி, காமராஜர் திறந்துவைத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து பக்கம்தான். பூங்காவுக்கும் அணையின் மேலே போவதற்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு, விடியுமுன் உள்ளே விடமாட்டார்கள். நீர்த்தேக்கத்தை ஒட்டிய கிராமத்துச் சாலைகளில் நின்று பார்ப்பதே வசதி. போச்சம்பள்ளிப் பக்கம் பாரூர் ஏரி, ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணை என்று வேறு இடங்களும் உண்டு.

எந்த ஏரியானாலும் ஒரே விதி. தண்ணீரில் சூரியன் தெரிய வேண்டுமானால் மேற்குக் கரையில் நில்லுங்கள். ஏரியின் கரை கிழக்குப் பக்கம் இருந்தால், மேலே ஏறி நிற்கும்போது சூரியன் வயல்களுக்கு மேலே வரும், தண்ணீர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதுவும் நன்றாகவே இருக்கும். நீர்க்காகமும் கொக்கும் வெளிச்சம் பட்டுத் தெளிவாகத் தெரிவது அப்படி நிற்கும்போதுதான்.

ஒகேனக்கல்ல சன்ரைஸ் சூப்பரா இருக்குமாமே?

ஒகேனக்கல் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், ஆனால் உதயத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். காவிரி அங்கே பாறையை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் ஓடுகிறது, சுற்றிலும் மலை. சூரியன் வந்து நேரமான பிறகுதான் ஆற்றுக்குள் வெயில் இறங்கும். பரிசலும் விடியற்காலையில் ஓடாது. தண்ணீர் வரத்து அதிகமானால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். பென்னாகரம் தாண்டியதும் சாலை காட்டு வழியாக இறங்குகிறது. இருட்டில் அங்கே போகவே வேண்டாம். காரணம் யானைக் கேள்வியில் இருக்கிறது.

அங்கேதான் காலை பார்ப்பேன் என்றால் முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள். எண்ணெய் தேய்க்கிறவர்களும் மீன் வறுக்கிறவர்களும் வருவதற்கு முன்னால் அருவிச் சத்தம் மட்டும் இருக்கிற அரைமணி நேரம் கிடைக்கும். சூரியனை எதிர்பார்க்காமல் அதற்காகப் போங்கள்.

வத்தல்மலைக்கு ராத்திரி கிளம்பி, விடியறதுக்குள்ள மேலே போயிடலாமா?

தருமபுரிக்குப் பக்கத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலை அது. காப்பி, மிளகு விளைகிற ஊர்கள் மேலே இருக்கின்றன. சாலை குறுகல், கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். மலைப்பாதை பழகாதவர்கள் இருட்டில் ஏறக் கூடாது. பழகியவர்களையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். எதிரே மலையூர்க்காரர்களின் பால் வண்டியோ சரக்கு வண்டியோ இறங்கும். விலகி வழிவிட அவர்களுக்கும் இடம் இருக்காது.

இரண்டு வழி சொல்கிறேன். மேலே தங்க இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்து, முதல் நாள் பகலிலேயே ஏறிவிடுங்கள். இல்லையென்றால் உதயத்தை அடிவாரத்தில் பார்த்துவிட்டு, வெளிச்சத்தில் ஏறுங்கள். பனிக்காலத்தில் ஏழரை மணிக்கு மேலே போனாலும் கீழே சமவெளி முழுக்க வெள்ளையாக மூடிக் கிடப்பதைப் பார்க்கலாம்.

மலை மேல நின்னா சூரியன் சீக்கிரமா தெரியுமா?

தெரியும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. கீழே இருக்கிற சமவெளியைவிட ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரத்தில் நின்று, கிழக்கே தடையே இல்லாவிட்டால் மூன்று நிமிஷம் அளவுக்கு முன்னதாகத் தெரியும். எதிரே மலை இருந்தால் ஆகிற தாமதம் அதைவிடப் பெரியது. கையை நேராக நீட்டி முஷ்டியை மூடிப் பிடியுங்கள். அதன் உயரம் சுமார் 10 பாகை. எதிரே இருக்கிற மலை ஒரு முஷ்டி உயரம் தெரிந்தால் சூரியன் அதைத் தாண்டி வர 40 நிமிஷம் கூடுதலாகும், அரை முஷ்டி என்றால் 20 நிமிஷம். முதல் நாள் சாயங்காலமே இப்படி அளந்துவிடலாம்.

போன ஜூன்ல ரெண்டு குன்றுக்கு நடுவுல அழகா வந்துச்சு. அதே இடத்துல டிசம்பர்ல நின்னா குன்றுக்குப் பின்னாடி வருது. ஏன்?

சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஓரிரு நாள்தான். நம் ஊரில் ஜூன் மாதம் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி வரும், டிசம்பரில் 24 பாகை தெற்கே. மொத்தம் 48 பாகை, அதாவது மேலே சொன்ன முஷ்டிக் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து முஷ்டி அகலம். அவ்வளவு தூரத்துக்குள் இங்கே எத்தனையோ குன்றுகள் இருக்கும்.

யாராவது "இந்த இடம்தான் பெஸ்ட்" என்று படம் அனுப்பினால், எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். மாதம் தெரியாத படத்தை நம்பி முப்பது கிலோமீட்டர் போக வேண்டாம்.

எந்த மாசம் வந்தா பனிமூட்டம் கிடைக்கும்?

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை. இந்த மாவட்டங்களுக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே உண்டு. செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை பெய்து மண் ஈரமாக இருக்கும். அதற்குப் பிறகு மேகமில்லாத, காற்றில்லாத இரவு வந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து பனிமூட்டமாகிவிடும். கனமான குளிர்காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால் ஆற்றோரமும் ஏரிகளும் முதலில் மூடிக்கொள்ளும், குன்றுகள் வெளியே நிற்கும். முதல் நாள் சாயங்காலம் வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருந்தால் மறுநாள் பனிக்கு வாய்ப்பு அதிகம்.

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் அதே மேட்டு நிலம்தான். கிருஷ்ணகிரியில் சட்டை போதும் என்று கிளம்பியவர்கள் அங்கே போய் நடுங்குவார்கள். ஸ்வெட்டரும் காதுக்கு ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பனி மூடிட்டா சூரியனே தெரியாதே? அதே மாதிரி மேகமா இருந்தா போன காலை வீண்தானே?

அடர்ந்த பனியில் சூரியன் ஏழரை, எட்டு மணிவரைகூடத் தெரியாமல் இருக்கும். அப்புறம் வெளிறிய வட்டமாக வரும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வீணாகத் தோன்றியதே இல்லை. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருவதும், பக்கத்தில் மாட்டு மணிச் சத்தம் கேட்டு மாடு தெரியாமல் இருப்பதும் வெயில் நாளில் கிடைக்காது.

மேகம் முழுசாக மூடியிருந்தால் நிறத்தை எதிர்பார்க்க முடியாது, உண்மைதான். அப்படிப்பட்ட நாளுக்குத்தான் மண்டி, பூச்சந்தை எல்லாம் இருக்கின்றன. கீழே பாருங்கள்.

அஞ்செட்டி, தளி ரோட்டுல விடியற்காலை பைக்ல போகலாமா? யானை வரும்னு பயமுறுத்தறாங்க.

பயமுறுத்தவில்லை, உண்மையைச் சொல்கிறார்கள். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகள் எல்லாம் காவிரியின் இருபக்கக் காடுகளோடு சேர்ந்தவை. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இங்கேதான் இருக்கிறது. கேழ்வரகு முற்றுகிற காலத்தில், அக்டோபர், நவம்பரிலிருந்து சில மாதங்களுக்குக் கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வரும். ராத்திரி கொல்லையில் மேய்ந்துவிட்டு, விடியும் நேரத்தில் காட்டுக்குத் திரும்பும். நீங்கள் கிளம்ப நினைக்கிற அதே நேரம்.

அதனால் காட்டுச் சாலையில் நன்றாக வெளிச்சம் வருவதற்கு முன் போகாதீர்கள். பனி இருந்தால் இன்னும் காத்திருங்கள். பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது, பைக் சத்தத்துக்கு அது மிரளும். வனத்துறை செக்போஸ்ட்டில் "இன்னைக்கு நடமாட்டம் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள், போகாதே என்றால் திரும்பிவிடுங்கள். அங்கே இருக்கிற விவசாயிகள் இரவு முழுக்கப் பரண்மேல் விழித்திருந்து காவல் காத்தவர்கள். யானை வந்த செய்தி கேட்டு வேடிக்கை பார்க்கக் கூடி, அவர்கள் வேலையைக் கெடுக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி கோட்டை, ராயக்கோட்டை கோட்டை மேல ஏறி உதயம் பார்க்கலாமா?

இவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். இப்படிப்பட்ட இடங்கள் பொதுவாகச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரைதான் திறந்திருக்கும். உதயத்துக்கு உச்சியில் இருக்க வேண்டுமானால் இருட்டில் ஏற வேண்டும், அது சரியில்லை. படிகள் சில இடங்களில் தேய்ந்து போயிருக்கின்றன, பனி ஈரத்தில் பாறை வழுக்கும். உதயத்தைக் கீழே ஊரில் பார்த்துவிட்டு உடனே ஏற ஆரம்பியுங்கள். வெயில் உறைக்குமுன் மேலே போய்விடலாம். ராயக்கோட்டை, 1791இல் மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் பிடித்த கோட்டை. மேலிருந்து பார்த்தால் எதற்காக இந்த இடத்துக்கு அவ்வளவு சண்டை என்று புரியும், சுற்றிலும் வருகிற வழிகளெல்லாம் தெரியும்.

சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய இடம். பலகைக் கற்கள்மேல் ஏறி உட்காராதீர்கள், அவை ஈமச்சின்னங்கள்.

கார் கிடையாது. பஸ், ரயில்ல வந்தா பார்க்க முடியுமா?

முடியும். கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது, இதைத் தெரியாமல் டிக்கெட் தேடுகிறவர்கள் உண்டு. சேலம்–பெங்களூர் ரயில் பாதை தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் போகிறது. நெடுஞ்சாலைப் பஸ்கள் இரவு முழுக்க ஓடும், கிராமத்து டவுன் பஸ்களை விடியுமுன் நம்ப முடியாது. முதல் நாள் சாயங்காலம் வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் தங்கி, காலையில் ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் ராத்திரியே நேரத்தையும் காத்திருக்கிற கூலியையும் பேசிவிடுங்கள்.

தனியா வர்ற பொண்ணு நான். இருட்டுல ஏரிக்கரையில நிக்கறது சரியா இருக்குமா?

ஆளில்லாத கரையை நான் சொல்ல மாட்டேன், ஆணுக்கும் சொல்ல மாட்டேன். கோயில் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்கழியில் எல்லாக் கோயிலும் விடியுமுன்னே திறந்துவிடும், பாட்டுச் சத்தமும் கோலம் போடுகிற பெண்களும் தெருவெல்லாம் இருப்பார்கள். ஓசூரில் சந்திரசூடேசுவரர் கோயில் குன்றின்மேலேயே இருக்கிறது, ஊரும் சுற்றிலும் தெரியும். அரூர்ப் பக்கம் தீர்த்தமலையும் மலைக்கோயில்தான், ஆனால் ஏற்றம் அதிகம், கூட்டம் இருக்கிற நாளில் போங்கள்.

தக்காளி மண்டி, பூ மார்க்கெட் பார்க்கப் போனா தொந்தரவா நினைப்பாங்களா?

வழியை அடைத்துக்கொண்டு நின்றால் நினைப்பார்கள். பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளிக்குப் பேர்போனவை. மண்டியில் ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்குக் காசு. ஓரமாக நின்று பாருங்கள், சுமை தூக்குகிறவர் வந்தால் முதலில் நீங்கள் விலகுங்கள். ஒருவருடைய முகத்தைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். விலை சரிந்த நாளில் விவசாயியின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதீர்கள், அது ரொம்ப வலிக்கும். பூ வாங்க வேண்டுமென்றால் முழம் கணக்கில் கேட்காதீர்கள், மொத்தச் சந்தையில் கிலோக் கணக்கு.

டீக்கடைகள் நாலரை, ஐந்து மணிக்கே மண்டியைச் சுற்றித் திறந்துவிடும். கேழ்வரகுக் கூழ் கிடைத்தால் குடித்துப் பாருங்கள். களி வேண்டுமென்றால் பெரும்பாலும் மதியம்வரை காத்திருக்க வேண்டும்.

பெங்களூர்ல நாலு மணிக்குக் கிளம்பி, வழியில உதயம் பார்த்துட்டுச் சென்னை போகலாம்னு பிளான். சரியா?

இதுதான் என்னைக் கவலைப்படுத்துகிற கேள்வி. ஓசூர்–சூளகிரி வழியில் பனிக்காலத்தில் சட்டென்று மூட்டம் வரும், சாலையோரம் விளக்கில்லாமல் லாரி நிற்கும். அதைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்கு வந்து கிழக்கே திரும்பும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். தூங்காத கண்ணுக்கு அது இரட்டைத் தொல்லை. கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்து வைத்திருங்கள். முடிந்தால் உதயத்திலிருந்து ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிடுங்கள். நிறுத்துவதும் நெடுஞ்சாலை ஓரத்தில் வேண்டாம், இறங்கி ஊருக்குள் போய் நிறுத்துங்கள். சேலம் பக்கம் போகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கம் இருக்கிறது. சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் அடிக்கடி விபத்து நடக்கிற இடம். அதைத் தூக்கக் கலக்கத்தில் தாண்டவே கூடாது.

வயசான அம்மா, சின்னப் பசங்க கூட. ஒரே ஒரு காலைதான் இருக்கு. எங்க போகட்டும்?

ஏரிக்கு. வண்டி கரைவரை போகிற ஏரியாக, தங்குகிற இடத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் இருப்பதாகப் பாருங்கள். அம்மாவுக்கு மடக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குப் போர்வை, பிளாஸ்க்கில் பால். பசங்களை எழுப்பிக் குளிக்கவைக்க வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். முதல் நாள் சாயங்காலமே அங்கே போய், எந்தப் பக்கம் நிற்பது, எதிரே குன்று எத்தனை முஷ்டி உயரம், நாய்கள் எப்படி என்று பார்த்துவிடுங்கள். திரும்பும் வழியில் டிபன் சாப்பிட எந்தக் கடை ஏழு மணிக்குத் திறக்கும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.